அத்தான் வாங்கிய வெதுவெதுப்பு

நாகரிகம் முதிர்ந்த குடும்பத்துக்கு ஒரே அடையாளம், யாருக்கும் வாசிக்கத் தெரியாத வாத்தியம் ஒன்று வீட்டில் இருப்பதுதான். அந்த வகையில் என் அக்கா குடும்பம் போன வருஷம்தான் நாகரிகத்துக்குள் காலெடுத்து வைத்தது.

அத்தான் இன்சூரன்ஸ் ஆபீசில் மேனேஜர். ஐம்பது வயது வரை எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாதவர். அந்தக் காலத்து அனலாக் சிந்தசைசர் என்ற மின்சார வாத்தியத்தின் ஒலியில் இருக்கும் 'வெதுவெதுப்பு' இந்தக் காலத்துக் கீபோர்டுகளில் கிடையாது என்று யாரோ அவர் காதில் போட்டுவைத்தார்கள். அன்று முதல் அத்தானுக்கு எந்தப் பாட்டைக் கேட்டாலும் குளிர ஆரம்பித்துவிட்டது.

ஏறக்குறைய அவர் வயதே ஆன சிந்தசைசர் ஒன்று வந்து இறங்கியது. மரப்பெட்டி, வரிசை வரிசையாகத் திருகு குமிழ்கள், மஞ்சளித்துப்போன கட்டைகள். தூக்கிவந்தவர்கள், உள்ளே என்ன இரும்பு பீரோவா என்று மூச்சு வாங்கக் கேட்டதை அத்தான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

அறையின் சூடு மாறினால் அதன் சுருதி விலகும். வீட்டில் ஏசி இருந்ததோ மகளின் அறையில் மட்டும். ஆகவே கல்லூரியில் படிக்கும் அந்தப் பெண் 'தற்காலிக ஏற்பாடாக' ஹால் சோபாவுக்கு இடமாற்றம் செய்யப்பட்டாள்.

பிறகு பராமரிப்பு தொடங்கியது. காலையில் அதை முதலில் சூடேற்ற வேண்டும். சூடேறியதும் சுருதி சேர்க்க வேண்டும். சேர்ந்து முடிவதற்குள் ஆபீசுக்கு நேரமாகிவிடும். அக்கா மிக்சி போட்டால் பெட்டிக்குள் ஏதோ இருமியது; அதனால் சட்னி அரைப்பது முன்அனுமதி பெற வேண்டிய காரியமாயிற்று.

"இதுல என்னைக்காவது ஒரு பாட்டு வருமாங்க?" என்று அக்கா பொறுமையாகத்தான் கேட்டாள்.

"பாட்டு எதுல வேணா வரும். இதுல வர்றது ஒலி" என்றார் அத்தான்.

பழைய டிவி ரிப்பேர்காரர் ஒருவர் 'டாக்டர்' என்ற பட்டத்துடன் வந்துபோனார். மூடியைத் திறந்து, எட்டிப் பார்த்து, இந்த உதிரிபாகத்தை இப்போது யாருமே செய்வதில்லை என்று துக்கம் விசாரிக்கும் குரலில் சொல்வார். கேட்கக் கேட்க அத்தான் முகம் மலரும்.

ஞாயிறுதோறும் எங்கள் 'ஒலி அன்பர் பேரவை' அத்தான் வீட்டில் கூடியது. தலைவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். நான் காபிக்காகச் சேர்ந்த உறுப்பினன். இயந்திரம் சூடேறும்வரை ஹாலில் உட்கார்ந்து அதன் ஆழத்தைப் பற்றிப் பேசுவோம். சூடேறுவதற்குள் கூட்டம் முடிந்துவிடும்.

ஒரு ஞாயிறு நாங்கள் வந்ததும் மகள் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டாள். அத்தான் கொஞ்சம் திருதிருவென விழித்தார். சுருதி பார்க்க வேண்டும் என்று சொல்லி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சற்று நேரத்தில் உள்ளிருந்து ஓர் இசை வந்தது. தயங்கித் தயங்கி ஆரம்பித்து, மெல்ல விரிந்து, ஹாலையே நிறைத்தது. காபியை யாரும் தொடவில்லை. தலைவரின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"இதுதான்யா வெதுவெதுப்பு. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு இது வருமா?" என்றார்.

கதவு திறந்தது. அத்தான் வெளிறிப்போய் நின்றார். இசை மட்டும் அவருக்குப் பின்னால் தொடர்ந்துகொண்டிருந்தது. பேசாமல் தலையை ஆட்டியிருந்தால் அன்றே பேரவை அவருக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கும்.

"நான் வாசிக்கல. பெட்டியோட உள்பாகமெல்லாம் நேத்தே டாக்டர் ரிப்பேருக்குக் கழட்டி எடுத்துட்டுப் போயிட்டார். வெறும் மரம்தான் இருக்கு" என்றார்.

அதற்குள் மகள் பால்கனியிலிருந்து ஓடிவந்தாள். இயர்போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டதாம். போன், அறை அலமாரி மேல் கிடந்த அவளுடைய ப்ளூடூத் ஸ்பீக்கரில் தானாகப் போய்ச் சேர்ந்துகொண்டதாம். நிறுத்தப்போனவள் கையை அத்தான் பிடித்துக்கொண்டார்.

"யாரும்மா இந்த ட்யூன் போட்டது?"

"நான்தான்பா. போன்லயே கம்போஸ் பண்ணேன்."

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார். "அதான் பார்த்தேன். எங்கயோ உயிர் இல்லாத மாதிரி இருந்துச்சு" என்றார். பேரவை ஏகமனதாக அதை ஆமோதித்தது. நானும் கை தூக்கினேன்.

அத்தான் மட்டும் தூக்கவில்லை. முதலிலிருந்து போடும்மா என்று மகளிடம் சொல்லி, அவளை அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் புறப்படும்வரை வெளியே வரவில்லை.

அடுத்த கூட்டத்தில் அத்தானுக்காக இரங்கல் தீர்மானம் நிறைவேற்றினோம். நல்ல உறுப்பினர், என்ன செய்வது, காதால் கேட்க ஆரம்பித்துவிட்டார்.