ஒன்றரை அடி உயர்வு

மனித குலம் இதுவரை கண்டுபிடித்தவற்றுள் தலையாயது எது? நெருப்பு, சக்கரம் என்று சிலர் உளறுவார்கள். விட்டுத்தள்ளுங்கள். 'கிராமத்து ஆள் எவ்வளவு படிக்கிறாரோ, அவ்வளவுக்கு அவர் கூலி உயரும்' என்பதுதான் அந்தப் பேருண்மை. கண்டுபிடித்தது எங்கள் கல்வி-கூலி ஆய்வு மையம். அடியேன் அதன் துணை இயக்குநர். ஒரு கிராமத்தையும் தொந்தரவு செய்யாமல், ஏசி அறையில் கூட்டம் போட்டே கண்டுபிடித்தோம்.

"ஒரு நடை நேர்ல போய் உறுதி பண்ணிட்டு வந்துடுங்க" என்றார் இயக்குநர். "வேற எதையாவது கண்டுபிடிச்சுத் தொலைச்சிடாதீங்க!"

நான் போன இடம் வெங்காயம் உரிக்கும் கொட்டகை. தகரக் கூரை, ஈரத் தரை. வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு கத்தி, ஆளுக்கொரு கூடை. உரித்த வெங்காயம் நகரத்து ஓட்டல்களுக்குப் போகும். எத்தனை கூடை உரித்தார்களோ, அதற்கான கூலி சாயங்காலமே கைக்கு வந்துவிடும். எல்லார் கண்ணிலும் தண்ணீர் வழிந்தது. வளர்ச்சியைக் கண்ட ஆனந்தம் என்று குறித்துக்கொண்டேன்.

அங்கேதான் தலையில் இடி விழுந்தது. பட்டப்படிப்பு முடித்த பெண் ஒருத்தி உரித்துக்கொண்டிருந்தாள். கொட்டகையில் அவளுக்குப் பெயரே 'காலேஜ்'. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஓர் அத்தை பக்கத்திலேயே உரித்துக்கொண்டிருந்தார். கூடைக்கு இருவருக்கும் ஒரே கூலி! எங்கள் ஆய்வில் பிழை இருக்க வாய்ப்பே இல்லை. ஆகவே பிழை கொட்டகையில்தான்.

"படிச்ச படிப்புக்கு ஒரு மரியாதை வேண்டாமாங்க?" என்று முதலாளியிடம் பொங்கினேன்.

"உரிக்கறது யாருன்னு வெங்காயத்துக்குத் தெரியாதே சார்" என்றார் அவர்.

'கல்வியைப் போற்றும் தொழிலகம்' என்று நாங்கள் ஒரு பலகை தருவோம், அதை வாசலில் மாட்டினால் பெரிய ஓட்டல்கள் தேடி வரும் என்று விளக்கினேன். மனிதர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"எவ்வளவு உசரணும்னு மட்டும் சொல்லுங்க சார். உசத்திடலாம்."

கொட்டகையில் இருந்தது ஒரே நாற்காலி, அதுவும் அவருடையது. அதைத் தூக்கி நட்டநடுவில் போட்டார். "காலேஜ்! கத்தியைக் கீழ வை. இன்னிக்கு நீதான் மேற்பார்வை. வந்து உட்காரு!"

அவள் நாற்காலியைப் பார்த்தாள், பிறகு என்னிடம் வந்தாள். "சார், நெஜமாவே கூலி கூடுமா? அதோ மூட்டை தூக்குறாரே, அவருதான் எங்கப்பா. 'உன்னைப் படிக்க வச்சு என்னத்தைக் கண்டேன், தங்கச்சியையும் நிறுத்திட்டு உரிக்கக் கூட்டிட்டு வரேன்'னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. இன்னிக்கு என் கைக்குக் கூடுதலா ஏதாவது வந்தா, அதைக் காட்டியே அவளைப் பள்ளிக்கூடம் அனுப்பிடுவேன் சார்."

"கூடும்மா! நாங்க கண்டுபிடிச்சே முடிச்சிட்டோம்" என்று அடித்துச் சொன்னேன்.

அவள் உட்கார்ந்தாள். கைதான் சும்மா இருக்க மாட்டேன் என்றது; இல்லாத வெங்காயத்தை மடியில் வைத்து உரித்துக்கொண்டிருந்தது.

"மகாராணி, காலைக் கொஞ்சம் தூக்கிக்கம்மா, தோலைக் கூட்டணும்" என்றார் அத்தை. கொட்டகையே சிரித்தது. அவளும் சிரித்தாள். 'கல்வி ஒரு பெண்ணைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயர்த்துகிறது' என்று நான் அறிக்கையில் எழுதினேன். அளந்து பார்த்துத்தான் எழுதினேன். புள்ளிவிவரத்தில் நான் கறார்.

சாயங்காலம் கூலி கொடுத்தார்கள். அத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். அடுத்து அவள் கை நீட்டினாள்.

"நீ ஒரு கூடைகூட முழுசா உரிக்கலையேம்மா" என்றார் முதலாளி.

"நீங்கதானே உட்காரச் சொன்னீங்க?"

"நல்லா இருக்கே! உட்கார்றதுக்கு யாராச்சும் கூலி குடுப்பாங்களா?"

அவள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "சார், நீங்களாச்சும் சொல்லுங்க சார். நீங்களும் காலையிலேர்ந்து மூட்டை மேல உட்கார்ந்துதானே இருந்தீங்க?"

ஒப்பீடு முற்றிலும் தவறானது. எனக்குப் பயணப்படி வேறு உண்டு.

அவள் அப்பா மூட்டையை இறக்கிவிட்டு வந்து நின்றார். "படிக்காதவ கையில காசு. படிச்ச உன் கையில காத்து. போதும்மா, பார்த்துட்டேன்."

"அப்பா, இன்னிக்கு ஒரு நாள்தான்ப்பா! நாளைக்குச் சேர்த்து உரிச்சிடறேன்ப்பா!" என்று அவள் கத்திக்கொண்டே பின்னால் ஓடினாள். அவர் திரும்பவில்லை. குடும்ப விவகாரத்தில் தலையிட எங்கள் விதிமுறைகளில் இடமில்லை. ஜீப்பில் ஏறினேன்.

அறிக்கை விருது வாங்கியது. நான் இணை இயக்குநர் ஆனேன். மறு வருடம் பலகையை மாட்டவும், அறிக்கையின் மறுபதிப்பு அட்டைக்கு ஒரு படம் எடுக்கவும் அதே கொட்டகைக்குப் போனேன். காலேஜுக்குப் பக்கத்தில் அதே சாயலில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். சாயம் போன பள்ளிச் சீருடை, மடியில் வெங்காயம்.

எங்கள் புகைப்படக்காரர் நாற்காலியைக் காட்டினார். "வாம்மா, இதுல உட்காரு. படம் நல்லா வரும்."

அந்தப் பெண் கத்தியைக் கீழே வைக்கவில்லை. "வேணாம் சார். அக்கா ஒரு நாள் உட்கார்ந்ததுக்கே நான் இங்க வந்துட்டேன்."

நாற்காலி காலியாக இருந்தால் படம் எடுபடுமா? நானே உட்கார்ந்தேன். அறிக்கையின் அட்டையில் சிரித்துக்கொண்டிருப்பது நான்தான்: அந்தக் கொட்டகைப் பிள்ளைகளின் படிப்பால் கூலி உயர்ந்த ஒரே ஆள்.