ஐஸ்காரர் வைத்த வெள்ளிச் சோதனை

எண்பதுகளில் மலேசியாவின் அசாம் ஜாவா பக்கத்துத் தோட்டங்களில் போலீசுக்குப் பயப்படாத பெண்கள் இருந்தார்கள். ஐஸ்காரருக்குப் பயப்படாதவள் ஒருத்தியும் கிடையாது.

மோட்டார் சைக்கிளில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு வருவார். சீவிய ஐஸை உருட்டி, சீராப் பாகு ஊற்றிப் பிள்ளைகளுக்கு விற்பார். அதோடு போயிருக்கலாம். ஆனால், கண்ணில் படுகிற வெள்ளி நகை அசல்தானா என்று பார்க்காவிட்டால் மனிதருக்குத் தூக்கம் வராது. நகைமேல் ஒரு துண்டு ஐஸ், பக்கத்தில் பீங்கான் தட்டில் ஒரு துண்டு. நகைமேல் இருப்பது மளமளவென்று உருகினால் வெள்ளி. தட்டில் இருப்பதைப் போலவே சும்மா உட்கார்ந்திருந்தால் போலி. முடிவை லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கேட்கும்படி கத்துவார்.

ஒருமுறை தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டம்மாவின் மெட்டியைப் பார்த்து, "இரும்பு லா!" என்று கத்திவிட்டார். அந்தம்மா ஒரு மாதம் கால்விரலை மறைக்கும் சப்பாத்து போட்டுக்கொண்டுதான் வெளியே வந்தார். கோயிலில் சாமியின் கவசத்தை ஐஸோடு நெருங்கியவரைப் பூசாரி மணியை ஓங்கி விரட்டினார்.

நான் அப்போது புது மருமகள். என் கொலுசு, கெர்லிங் ஊரில் இருந்த அண்ணன் என் கல்யாணத்துக்குத் தந்தது. பஸ் ஸ்டாண்டில் யாரோ ஒருவனிடம் மலிவாக வாங்கினான் என்பது எனக்கு மட்டும் தெரியும். மாமியாருக்கு முதல் நாளே சந்தேகம்.

"இது மட்டும் போலியா இருக்கட்டும், ஒங்கண்ணன் இந்த வாசல மிதிக்கக் கூடாது."

ஒரு மத்தியானம் அவரே ஐஸ்காரரைக் கூப்பிட்டுவிட்டார். அவர் ஐஸ் துண்டோடு என் முன்னால் குந்தினார்.

"கால நீட்டு, தங்கச்சி."

கண்ணை இறுக மூடிக்கொண்டேன். இனி அண்ணன் முகத்தைப் பார்க்கவே முடியாது என்று நினைத்தேன். சில்லென்ற தண்ணீர் கணுக்காலில் வழிந்தது.

"வெள்ளி! அசல் வெள்ளி!"

மாமியாருக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து ஒரு காப்பை எடுத்துவந்தார். காலமான மாமனார் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்தது. "இதப் பாருங்க, வெள்ளின்னா எப்படி இருக்கும்னு இவளுக்கும் தெரியட்டும்."

ஐஸ்காரர் அதன்மேல் ஐஸ் வைத்தார். அது பாறை மாதிரி உட்கார்ந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்களெல்லாம் கூடிவிட்டார்கள். மாமியாரின் உதடு வெளுத்தது. ஐஸ்காரர் வாயைத் திறந்தார். என் கொலுசுக்குக்கூட நான் அப்படிப் பயப்படவில்லை.

"அக்கா, இந்த ஐஸ் போலி லா!"

"என்னது?"

"ஐஸ் கம்பெனிக்காரன் தண்ணிய கலந்துட்டான்!"

"அப்ப காப்பு?" என்றாள் ஒருத்தி.

"காப்புக்கு என்ன? அசல் வெள்ளி!" கத்தத்தான் செய்தார். குரல் மட்டும் நடுங்கியது. மாமியார் காப்பை முந்தானையில் பொத்திக்கொண்டு உள்ளே போனார். என் கொலுசைப் பற்றி அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை.

அடுத்த முறை ஐஸ் விற்க வந்தவரை உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டேன். ஒரு வாய் வைத்ததும், "மீன் கறியில உப்பு கம்மி லா!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார்.

எனக்குக் கோபமே வரவில்லை. இன்னொரு துண்டு மீன் வைத்தேன்.