என்னை வைத்து இரண்டு பட்டம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி கைகூப்பி எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும், உங்கள் வீட்டில் வளரும் என் மகளும் நலமாக இருக்க வேண்டும். என்னைக் கேட்காதே, உயிரோடு இருக்கிறேன். "ஒரு வருஷம் கையைச் சுத்தமா வச்சுக்க, அப்புறம் வந்து உன் பொண்ணைப் பாரு" என்று ஜெயில் வாசலில் சொன்னாயே, இந்த மாதத்தோடு அந்த வருஷம் முடிகிறது. ஒரு குண்டூசியைக்கூட எடுக்கவில்லை. மாதக் கடைசி ஞாயிறு வருகிறேன்.

திருடாமல் இருப்பது பெரிய காரியமில்லை அக்கா. எங்கள் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டரும் ஏட்டம்மாவும் மாலை வகுப்பில் குற்றவியல் எம்.ஏ. படிக்கிறார்கள், அதுதான் என் தலைவலி. ஆளுக்கொரு தீசிஸ் எழுத வேண்டுமாம். ஜெயிலிலிருந்து வந்தவன் மறுபடி திருடுவான் என்பது இன்ஸ்பெக்டர் கட்சி. வேலை கொடுத்தால் திருந்துவான் என்பது ஏட்டம்மா கட்சி. இரண்டு பேருக்கும் ஆதாரம் நான் ஒருத்தன்தான். ஏட்டம்மா அலைந்து திரிந்து ரொட்டிக்கடையில் தட்டுக் கழுவும் வேலை வாங்கிக் கொடுத்தார். மறுநாளே இன்ஸ்பெக்டர் யூனிஃபார்மோடு வந்து அடுப்புக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். "கல்லாப்பெட்டியைப் பார்த்தா என்ன தோணுது? கூச்சப்படாம சொல்லு" என்று கேட்கிறார், வாங்க வந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். தினமும் இதே கூத்து. முன்னெல்லாம் லத்தியால் கேட்பார், இரண்டு நாளில் ஆறிவிடும். இப்போது "சின்ன வயசுல உங்கப்பா உன்னைக் கொஞ்சியிருக்காரா?" என்று கேட்கிறார், அது ஆறவே மாட்டேன் என்கிறது.

கடைக்காரரும் பொறுத்துப் பார்த்தார். "தம்பி, உன் மேல குத்தமில்ல. ஆனா போலீஸ் உட்கார்ந்திருக்கிற கடையில யாருப்பா ரொட்டி வாங்குவா?" என்று அனுப்பிவிட்டார். இன்ஸ்பெக்டருக்கு வாயெல்லாம் பல். "வேலை போச்சா! மூணாவது அத்தியாயத்துல அப்படியே எழுதியிருக்கேன்!" வீட்டுக்காரர் என் சாமான்களைத் தெருவில் வைத்தார், அது நாலாவது அத்தியாயமாம். அப்புறம் நான் படுத்திருந்த பஸ் ஸ்டாண்ட் பெஞ்சுக்குப் பக்கத்தில் தன் பைக்கைச் சாவியோடு நிறுத்திவிட்டுப் போனார். உருட்டிக்கொண்டு போய் ஸ்டேஷனில் விட்டேன், மனுஷன் முகம் செத்துப்போச்சு. ஏட்டம்மாதான் டீ வாங்கிக் கொடுத்து, "அண்ணே, வெள்ளிக்கிழமை வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கங்க, அன்னைக்குத்தான் தீசிஸ் குடுக்கிறேன்" என்றார்.

"அப்புறம்மா?" என்றேன்.

"அப்புறம் உங்க இஷ்டம்ணே."

பசிதான் அக்கா பாடாப் படுத்துது. ஆனா பொண்ணைப் பார்க்கப் போறேன்னு நினைச்சா அதுவும் கொஞ்சம் அடங்கிடுது. என்னை அடையாளம் தெரியுமா அதுக்கு? அப்பான்னு கூப்பிடலேன்னாலும் பரவாயில்ல, கிட்ட வந்து நின்னாப் போதும்.

அத்தானுக்கு வணக்கம். பாப்பாவுக்கு என் ஆயுசும் சேர்ந்து கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
திருந்திய உன் தம்பி

பின்குறிப்பு: தபாலில் சேர்ப்பதற்குள் நிலைமை மாறிவிட்டது. ஏட்டம்மா சொன்னபடி வெள்ளிக்கிழமை தீசிஸ் கொடுத்துவிட்டார். சனிக்கிழமை நான் ரொட்டிக்கடையின் பின்கதவைத் திறந்தேன். ஒரே ஒரு ரொட்டிதான் அக்கா. எங்கிருந்தோ வந்த இன்ஸ்பெக்டர் நான் தின்று முடிக்கும்வரை காத்திருந்தார், படித்தவர் இல்லையா. இரண்டு பேருக்குமே பட்டம் நிச்சயம் என்று பேராசிரியர் சொல்லிவிட்டாராம். மாதக் கடைசி ஞாயிறு வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. பாப்பா கேட்டா வெளியூர்ல வேலைன்னு சொல்லு. போன தடவை எந்த ஊரைச் சொன்னியோ அதையே சொல்லு, மாத்திச் சொன்னா பிள்ளை கண்டுபிடிச்சிடும்.