விழ வேண்டியது விழுந்த நாள்

விழாமல் நிற்பது என்று உலகத்தில் எதுவும் கிடையாது. நிலாகூட விழுந்துகொண்டேதான் இருக்கிறது. பக்கவாட்டில் ஓடுகிற ஓட்டத்தில் தரையைத் தவறவிட்டுக்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான். இந்த ஞானத்தை நான் பெண் பார்க்கப் போன வீட்டில் மோரை வைத்து விளக்கினேன். (சிரிக்காதீர்கள். இயற்பியல் பட்டத்தின் மை காயாத வயசு.)

வானத்தில் சுற்றிக்கொண்டிருந்த வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்று எந்த நேரமும் பூமியில் விழலாம் என்று பேப்பர்கள் மிரட்டிய வருடம் அது. மதுரையே அண்ணாந்து பார்த்தபடி நடந்தது. நானும் பார்த்தேன், வேறு காரணத்துக்காக. புகைப்படத்தில் கண்ட செல்வியின் முகம் எங்கள் ஆனையூர் வானம் முழுக்கப் பரவிக் கிடந்தது.

கேசரி ஆயிற்று. காளவாசலில் உரக்கடை வைத்திருந்த அவள் அப்பா துண்டால் வாயைத் துடைத்தார்.

"தம்பி, உங்களைப் பிடிச்சிருக்கு. ஆனா அது விழுந்து முடியட்டும். விழப்போற நேரத்துல நல்ல காரியம் பேசக் கூடாது."

"அது எப்பங்க விழும்?" என்றார் என் அம்மா.

"விட்டவனுக்கே தெரியலையாம் தாயி."

அதுவரை பெண்ணைக் கண்ணில் காட்டுவதாகவும் இல்லை. என் ஆயுசே அந்தரத்தில் தொங்கியது. எழுந்தேன். மூலையில் இருந்த மோர்த் தூக்குவாளியின் மூடியைக் கழற்றிவிட்டுக் கையில் எடுத்தேன்.

"இங்க பாருங்க மாமா." (அவசரத்தில் உறவு தானாக வந்துவிட்டது.) "பூமி இழுக்குற மாதிரி என் கை இழுக்குது. சுத்துற வேகம் இருக்குற வரைக்கும் மோர் கொட்டாது. மேல காத்து உரசி வேகம் குறைஞ்சாத்தான் வம்பு. சும்மா வந்து தலையில விழுந்துராது."

சுழற்றினேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. அவர் என்னை ஒட்டி நின்று வாயைத் திறந்தபடி அண்ணாந்து பார்த்தார். ஜன்னல் வெயில் வாளியின் விளிம்பைத் தொட்டுத் தொட்டு விட, கூடத்துக்குள் ஒரு சின்ன நிலா எழுந்தது, மறைந்தது, மறுபடி எழுந்தது.

இந்த ஆரவாரம் என்னவென்று பார்க்க அடுக்களை வாசலில் செல்வி வந்து நின்றாள். புகைப்படம் பொய் சொல்லியிருந்தது. அது பாதிகூட இல்லை. நான் நின்றுபோனேன். கையும் நின்றது, உச்சியில்.

மோர் மொத்தமும் அவர் தலையில் இறங்கியது. காதில் ஒரு கறிவேப்பிலை தொங்கியது. அம்மா கண்ணை மூடிக்கொண்டார். நான் என் செருப்பு எந்தப் பக்கம் கிடக்கிறது என்று யோசித்தேன்.

"வேகம் குறைஞ்சிருச்சுப்பா" என்றாள் செல்வி, மெல்ல.

அவர் மீசையை வழித்தார். உத்திரத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "சரி, விழ வேண்டியது நம்ம வீட்டுக்குள்ளயே விழுந்துருச்சு. இனி என்ன? உக்காருங்க மாப்ள, தேதியப் பேசுவம்."

ஆய்வுக்கூடம் பிறகு எங்கோ தொலைவில் போய் விழுந்தது. எங்கள் வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போயிருந்தோம்.

இப்போதும் அந்தி மங்கும்போது மொட்டை மாடியில் நிற்பேன். ஒரு செயற்கைக்கோள் விழுந்துகொண்டே சத்தமில்லாமல் வானத்தைக் கடக்கும். செல்வி வந்து மோர் டம்ளரை என் கையில் தராமல் சுவர்மேல் வைப்பாள்.

"அப்பா கீழதான் உக்காந்திருக்காரு. பாத்துக் குடிங்க."