ராயபுரத்தில் ஒரு பாங்காக்

தெருவோரச் சாப்பாட்டு வண்டி மனித நாகரிகத்தின் சிகரம். வடகடல் நடைபாதை மேன்மைக் கழகத்தின் துணை இயக்குநர் ராமசுப்பு, கழகச் செலவில் பாங்காக் போய், நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டே கண்டறிந்த உண்மை இது. அங்கே மேனேஜரும் மூட்டை தூக்குகிறவரும் பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஊருக்கே வண்டிக்காரர்கள்தான் அடுப்பு. அவருக்குக் கண் கலங்கியது. மிளகாயும் ஒரு காரணம்.

ராயபுரத்துக்கும் அந்தப் பேறு வாய்க்க வேண்டுமென்று திரும்பியதும் கூட்டம் போட்டார். துறைமுக மதிலோரம் 'சர்வதேசத் தரத் தெரு உணவு வீதி' அமைக்கும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஒரே தடங்கல்: அந்தத் தெருவில் ஏற்கெனவே ஒருத்தி உணவு விற்றுக்கொண்டிருந்தாள்.

ஜெரினா. இடியாப்பம், ஆட்டுக்கால் பாயா. விடிந்தால் லாரி டிரைவர்களும் சுமைக்காரர்களும் அவள் வண்டியைச் சுற்றித்தான் நிற்பார்கள். புருஷன் போன பிறகு இரண்டு பிள்ளைகளையும் வளர்ப்பது அந்த வண்டிதான்.

கழகத்தின் ஆக்கிரமிப்பு அகற்றும் படை ஒருநாள் காலையிலேயே வந்தது. கழகத்தில் ஒரு மரபு உண்டு. எந்த வண்டியையும் சாப்பிட்டுவிட்டே தூக்குவார்கள். உணவை வீணாக்குவது பாவமல்லவா.

"அக்கா, இன்னொரு கரண்டி பாயா ஊத்து," என்றான் படைத்தலைவன் பொன்ராஜ்.

"துன்னு நைனா. தூக்கறதுக்குத் தெம்பு வேணாமா?"

"கைய கழுவிக்கினு வர்றோம். அதுக்குள்ள குண்டானெல்லாம் எறக்கி வெச்சிடுக்கா. ஒடைஞ்சா மனசு கேக்காது."

படையோடு வந்திருந்த ராமசுப்புவும் ஒரு தட்டை வழித்துவிட்டு மனதாரச் சொன்னார்: "பாங்காக்ல கூட இந்த ருசி இல்லம்மா."

"அங்க வண்டிக்காரங்கள இன்னா சார் பண்றாங்க?"

"ஊரே கொண்டாடுதும்மா!"

"இங்க?"

"அதே மாதிரி கொண்டாடத்தான் உன்னைக் காலி பண்றோம்."

"அப்போ புது வீதில எனக்கும் ஒரு எடம் குடு சார். ரெண்டு புள்ளைங்க கீது."

"உனக்கில்லாத இடமா?" என்றார். வண்டி லாரியில் ஏறியது.

கழகம் வாக்குத் தவறவில்லை. கண்ணாடிக் கடைகளைக் கம்பெனிகளுக்குக் கொடுத்தாலும், நுழைவாயில் சுவரை முழுசாக ஜெரினாவுக்கே கொடுத்தது. கையில் கரண்டியோடு, சிரித்த முகமாக, பதினைந்தடி உயர ஓவியம். "உழைக்கும் பெண்ணுக்கு எங்கள் வணக்கம்!" என்று திறப்பு விழாவில் ராமசுப்பு முழங்க, கைதட்டல் அடங்கவில்லை.

பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஜெரினா சுவரின் முன்னால் நின்றாள். செல்ஃபி எடுக்க வரிசை நீண்டிருந்தது. செக்யூரிட்டி ஓடி வந்தான்.

"யம்மா, ஓரமா போ. அந்த அம்மாவ மறைச்சிக்கினு நிக்கிற பாரு."