தம்பி, அந்த லென்ஸைத் திரும்ப எடுத்துக்கொண்டு போ

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் வீட்டில் எல்லாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம். உன் அத்தானும் நலம், முழங்கை முழங்கால்கள் நீங்கலாக.

விஷயத்துக்கு வருகிறேன். அத்தான் அச்சகத்திலிருந்து ஓய்வு பெற்ற அன்று, பூச்சியைப் பூதமாகக் காட்டும் லென்ஸ் ஒன்றை நீ ஆசையாகக் கொடுத்தாயே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து அதைத் தயவுசெய்து திரும்ப எடுத்துக்கொண்டு போ. கொடுத்ததைத் திருப்புவது மரியாதை இல்லை என்று எனக்கும் தெரியும். முழுவதையும் படித்துவிட்டு நீயே நியாயம் சொல்.

முப்பத்தொரு வருஷம் பிழை திருத்திய மனுஷர். ஓய்வுக்குப் பிறகு ஒரு மாதம் நாற்காலியை விட்டு எழவில்லை. சோப்பு உறையில் ஒற்றுப் பிழை திருத்துவார், பிறகு சுவரைப் பார்ப்பார். இப்படியே கரைந்துபோய்விடுவாரோ என்று நான் உள்ளுக்குள் பயந்தது நிஜம். அப்புறம்தான் ஒருநாள் உன் பெட்டியைப் பிரித்து, லென்ஸைத் தன் கேமராவில் மாட்டினார். முதலில் சர்க்கரையைப் படம் எடுத்தார், அடுத்து என் புடவை நூலை எடுத்தார், மூன்றாம் நாள் வெளியே போனவர்தான், இன்னும் முழுசாக வீட்டுக்குள் வரவில்லை. எங்கள் குடியிருப்பின் பின்பக்கம் வரிசையாக வேலிச்செடி இருக்கிறது. பனித்துளி காய்வதற்குள் எடுக்க வேண்டுமாம், அதனால் விடிந்ததும் அங்கே போய்க் குப்புறப் படுத்துவிடுவார். நாளிதழ் போடுகிறவர் அதைப் பார்த்து, ஆள் விழுந்து கிடக்கிறார் என்று கத்த, முதல் மாடிப் பல் டாக்டர் வாயில் பற்பசை நுரையோடு ஓடிவந்து முதுகைத் தட்டினார்.

“சார், மூச்சு விடுங்க! நல்லா இழுத்து விடுங்க!”

“விட்டா இலை ஆடிடும் டாக்டர்! நீங்களும் விடாதீங்க!”

பாவம், ஏன் எதற்கு என்று தெரியாமலே டாக்டரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இதில் எத்தனை தொல்லை தெரியுமா உனக்கு? எறும்புக்கு மூக்கு தெளிவாக வந்தால் முதுகு மூட்டமாகிவிடுகிறது. சரியாக வந்தது என்று நினைக்கும்போது காற்று வரும். காற்று நின்றால் எறும்பு போய்விடும். நம் நிழல் பட்டால் ஈ பறந்துவிடும். ஒருநாள் நூற்று நாற்பது படம் எடுத்துவந்து காட்டினார், நூற்று முப்பத்தொன்பது வெறும் பச்சைப் புகை, மீதி ஒன்றில் யாருடையதோ ஒரு கால். வெளிச்சம் முகத்தில் அறைகிறதாம், மென்மையாக விழ வேண்டுமாம், அதற்கு வெள்ளைத் துணி வேண்டுமாம். என் உள்பாவாடையைக் கிழித்துக் குடையில் கட்டி, குடையை என் கையில் கொடுத்துவிட்டார். எதிர்வீட்டம்மா மேலேயிருந்து, “என்னக்கா, துணியை இங்கயா காயப் போடுறீங்க?” என்று கேட்கிறார்.

ஆனாலும் பொய் சொல்லக்கூடாது. ஒரு காலையில் புல் நுனியில் தொங்கிய துளி ஒன்றை எடுத்துக் காட்டினார். தம்பி, அதற்குள் எங்கள் குடியிருப்பு முழுவதும் தலைகீழாக நின்றது, இரண்டாம் மாடியில் நான் காயப்போட்ட மஞ்சள் துண்டு உள்பட! அன்று குடையை முணுமுணுக்காமல் பிடித்தேன்.

அப்புறம்தான் கும்பிடுபூச்சி வந்து சேர்ந்தது. காய்ந்த நுரை மாதிரி, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு முட்டைக்கூட்டைச் செடியில் கண்டுபிடித்தார். குஞ்சு பொரிவதை எடுக்க இருபத்திரண்டு நாள் அதன் முன்னால் கிடந்தார். இருபத்திரண்டாம் நாள் காலை, வேலி வெட்டுகிறவர் இயந்திரத்தோடு வந்து நிற்கிறார், பின்னாலேயே குடியிருப்போர் சங்கச் செயலாளர்.

“பூச்சி வருதுன்னு பத்து வீட்ல புகார் சார். வெட்டியே ஆகணும்.”

“வெட்டுங்க. முதல்ல என்னை வெட்டிட்டு அப்புறம் இதை வெட்டுங்க!”

பேருந்தில் தன் காலை மிதித்தவரிடம் தானே மன்னிப்புக் கேட்கிற மனுஷர், தம்பி! அன்று இம்மியும் நகரவில்லை. வெட்டுகிறவர் இயந்திரத்தை அணைத்துவிட்டார். “அப்படி என்னதான் இருக்கு இதுல?” என்றார் செயலாளர். அத்தான் கேமராவை அவர் கையில் கொடுத்தார். தேய்த்த வெள்ளைக் கால்சட்டையோடு செயலாளர் ஈர மண்ணில் மண்டியிட்டார்.

“ஒண்ணும் தெரியல சார்.”

“அதைத் திருகாதீங்க. நீங்கதான் கொஞ்சம் முன்ன பின்ன அசையணும். மெதுவா.”

“ஐயோ சார்! உள்ளேர்ந்து என்னமோ கொட்டுது சார்!”

அந்த நேரம் பார்த்துக் கூடு திறந்துகொண்டது. வெளிர்மஞ்சளாக, கறுப்புக் கண்ணோடு, நூலில் தொங்கியபடி ஒன்றன்பின் ஒன்றாகக் குஞ்சுகள் இறங்குகின்றன. அத்தான் கேமராவுக்காகக் கையை நீட்டினார். நான் பார்த்தேன். நீட்டிய கை பாதியில் நின்றது. “பட்டனை அமுக்குங்க,” என்று கிசுகிசுத்தார், “விடாம அமுக்குங்க.” பக்கத்திலேயே வேலி வெட்டுகிறவரும் குப்புறப் படுத்துவிட்டார்.

செடி தப்பித்தது. ஆனால் இப்போது அறிவிப்புப் பலகையில் அந்தப் படம் தொங்குகிறது, கீழே ‘எடுத்தவர்: செயலாளர்’ என்று போட்டு! எனக்கு வயிறு எரிந்தது. “இருபத்திரண்டு நாள் படுத்தது நீங்க, பேரு அவருக்கா?” என்று கேட்டேன்.

“விடு. நான் எடுத்திருந்தா லென்ஸ் வழியாத்தான் பாத்திருப்பேன். கண்ணாடியக் கழட்டிட்டுக் கிட்டப் போய் என் கண்ணாலயே பாத்தேன். போதும்,” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இப்போது நிலைமை இன்னும் மோசம். படம் எடுக்கப் போகலாம் என்று செயலாளர் தினமும் விடியும்போதே கதவைத் தட்டுகிறார். கத்தரிக்காய்க்குள் புழு இருந்தால் நறுக்க விடுவதில்லை, அது சாப்பிட்டு முடிக்கட்டுமாம். அப்போது நாங்கள் எதைச் சாப்பிடுவது? ஆகவே ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வா. லென்ஸை எடுத்துக்கொண்டு உன் அத்தானை எனக்குத் திருப்பிக் கொடு.

உன் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளரட்டும். உன் மனைவியிடம் நான் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
தோள்பட்டை பிடித்துக்கொண்ட உன் அக்கா.

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது ஜன்னல் விளிம்பில் கடுகளவு சிலந்தி ஒன்று வந்து என்னையே பார்த்தது. அத்தான் குளித்துக்கொண்டிருந்தார். சும்மா ஒரு தடவை அவர் கேமராவில் படம் எடுத்துப் பார்த்தேன். முன்னாலிருக்கிற நான்கு கண்ணும் கண்ணாடி மாதிரி தெளிவாக வந்திருக்கின்றன! இன்னும் அவரிடம் காட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை வராதே, நாங்கள் ஏரிக்கரைக்குப் போகிறோம். அதே மாதிரி இன்னொரு லென்ஸ் கிடைத்தால் என் பெயருக்கு அனுப்பு. அவருடையதை வாங்குவதற்குள் பூச்சி போய்விடுகிறது.