கறுத்துச் சுதந்திரம்

இணையத்தை ஒழுங்குபடுத்தியே தீருவது என்று கண்ணாடிக்கடைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முடிவு செய்தார். மொத்த இணையத்தையும் அல்ல, அதற்கு ஆள் படை வேண்டும். அவர் கைக்குள் இருந்தது 'நம்ம குடும்பம்' என்கிற வாட்ஸ்அப் குழு. இருபத்து மூன்று உறவுக்காரர்கள், அவர் அட்மின். வீட்டில் டிவி ரிமோட்மேல்கூட அதிகாரம் இல்லாத மனுஷன், இந்தப் பதவியைக் கொஞ்சம் கெட்டியாகவே பிடித்துக்கொண்டிருந்தார்.

குழுவில் எவன் என்ன எழுதினாலும் அட்மினைத்தான் பிடித்து உள்ளே போடுவார்கள், அப்படி ஒரு சட்டம் வரப்போகிறது என்று கடைக்குக் கண் சோதிக்க வந்த யாரோ கொளுத்திப் போட்டுவிட்டுப் போயிருந்தார். மத்தியானத்துக்குள் இவர் பதினோரு விதிகள் எழுதிக் குழுவில் ஏற்றினார். நாலாவது விதி இது: "கறுத்து சுதந்திரம் உண்டு. ஆனால் கறுத்து சொல்லும் முன் அட்மினிடம் அனுமதி பெற வேண்டும். மீறினால் நீக்கம். திரும்பச் சேர எழுத்து மூலம் விண்ணப்பிக்கவும்."

ஒரே மகள் வெளியூரில் வேலையில் இருந்தாள். இணையத்தில் யார் எதைப் பேசலாம், எதை அரசாங்கம் தடுக்கலாம், எதில் மூக்கை நுழைக்கக்கூடாது என்றெல்லாம் முகநூலில் ஒரு பக்கம் வைத்து எழுதிக்கொண்டிருந்தவள். அவள் குழுவில் பதில் போட்டாள்.

"அப்பா, பயத்துல சட்டம் போடாதீங்க. அப்புறம், கருத்துக்குச் சின்ன 'ரு'. பெரிய 'று' போட்டா அது கறுத்துப்போறது."

முதல் வாக்கியத்தை அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் கடைசி வாக்கியத்துக்குப் பதினாலு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். மச்சான் மட்டும் ஆறு பொம்மை. மகளை நீக்கிவிட்டார்.

மனைவி கரண்டியோடு வந்து நின்றாள்.

"பெத்த பொண்ணைக் குடும்பத்துல இருந்தே தூக்கிட்டீங்களே, நல்லாயிருக்கா?"

"குடும்பத்துல இருந்து இல்ல. 'நம்ம குடும்பம்'ல இருந்து."

"ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?"

"ஒண்ணுல நான் அட்மின்."

"அவ மனசு ஒடிஞ்சு போயிருக்கும். ஒரு போன் போடுங்க."

"விண்ணப்பம் போடட்டும். பரிசீலிக்கலாம்."

விண்ணப்பம் வரவில்லை. போனும் வரவில்லை. முன்பெல்லாம் கடை சாத்துகிற நேரத்துக்குச் சரியாகக் கூப்பிட்டு, "ஷட்டரை இழுத்தாச்சாப்பா?" என்று கேட்பாள். இப்போது அவர் ஷட்டரை இழுத்துவிட்டு, பூட்டையும் போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாவிடம் அவள் பேசிக்கொண்டுதான் இருந்தாள், அவர் கடையில் இருக்கும் நேரம் பார்த்து. மூன்று மாதம் இப்படியே போனது. அவருக்குச் சோறு இறங்கவில்லை. தப்பு தன்மேல்தான் என்று உள்ளுக்குள் நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? வீம்பு யாரை விட்டது! வேண்டுமென்றே எல்லா இடத்திலும் பெரிய 'று'தான் போட்டு எழுதினார்.

நாலாவது மாதம் ஒரு தந்திரம் தோன்றியது. 'நடுநிலைவாதி' என்று ஒரு பொய்க் கணக்கு. படத்துக்கு ஒரு ரோஜாப்பூ. அதை வைத்துக்கொண்டு மகளுடைய பக்கத்துக்குப் போனார். 'நன்றாக எழுதுகிறாய்' என்று போடத்தான் நினைத்தார், சத்தியமாக. விரல் என்னவோ வேறு மாதிரி தட்டியது: "இந்தப் பெண்ணைப் பெற்றவர்கள் வளர்த்த லட்சணம் தெரிகிறது. இது என் கறுத்து."

அனுப்பிய பிறகுதான் தன்னையே திட்டிக்கொண்டது புரிந்தது.

மூன்று நாள் கழித்து அந்தப் பக்கத்திலிருந்து அவருக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. "வணக்கம் சார். பெற்றவர்கள் நல்லவர்கள்தான். அப்பாவுக்குக் கொஞ்சம் முன்கோபம். உங்கள் எண்ணத்தை விளக்கமாகச் சொல்லுங்கள், பேசுவோம்."

லென்ஸ் துடைக்கிற துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடையின் பின்னறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மகள் பேசிவிட்டாள். 'சார்' என்றுதான் கூப்பிட்டாள், போகட்டும்.

அன்றிலிருந்து தினமும் வாதம்தான். பெயரை மறைத்துக்கொண்டு எழுதுகிறவர்களை எல்லாம் தடை செய்ய வேண்டும் என்று இவர் ஒரு பக்கத்துக்கு எழுதினார்.

"தடை செய்தால் முதலில் யார் போவார்கள் சார்?"

"பொறுக்கிகள்."

"உங்கள் பெயர் என்ன சார்?"

நடுநிலைவாதி அவசரமாகப் பேச்சை மாற்றினார்.

அட்மின்தான் பொறுப்பு என்ற பழைய புண்ணைக் கிளறினார். "உங்கள் கடை வாசலில் நின்று இரண்டு பேர் அடித்துக்கொண்டால் உங்களையா பிடித்துப் போவார்கள்? விலக்கிவிட்டீர்களா என்று மட்டும்தானே கேட்பார்கள்?" என்று பதில் வந்தது. அவருக்குக் கடை உண்டு என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. தோற்றதில் அத்தனை சந்தோஷம்.

ஒரு நாள் பெருமை தாங்காமல் கேட்டே விட்டார். "இந்த அறிவு யாரிடமிருந்து வந்தது? அப்பாவிடமிருந்தா?"

"அம்மாவிடமிருந்து சார்."

"இருக்கவே முடியாது. பெண்டாட்டிமாருக்கு இதெல்லாம் எங்கே புரியும்? என் வீட்டுக்காரியிடம் சட்டம் என்றால், குக்கர் எத்தனை விசில் என்பாள்."

அதற்குப் பதில் வர இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் வீட்டில் சாப்பாட்டில் உப்பில்லை. மனைவிக்குப் பள்ளிக்கூட நூலகத்தில் புத்தகம் அடுக்குகிற வேலை, பாவம் அலுப்பு என்று நினைத்துக்கொண்டார்.

இப்படி ஐந்து மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருக்கே தாங்க முடியாமல் போய்விட்டது. கூடத்தில் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் அடித்து அடித்துத் திருத்தி அனுப்பினார்.

"நான் நடுநிலைவாதி இல்லம்மா. உன் அப்பா. உன்னை நீக்கினது தப்பு. நீ சட்டத்தை மீறினதால நீக்கல. பதினாலு பேர் முன்னாடி நான் சின்னவனாயிட்டேன், அதைத் தாங்க முடியல. இப்ப நானே விண்ணப்பம் போடறேன். என்னைத் திரும்பச் சேர்த்துக்கோ."

சமையலறையில் ஒரு போன் 'டிங்' என்றது. அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு மனைவி வெளியே வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஏங்க."

"சும்மா இரு. ஒரு முக்கியமான பதில் வரணும்."

"வராதுங்க."

"உனக்கு என்ன தெரியும்?"

"எனக்குத்தான் தெரியும். இத்தனை நாளா பதில் போட்டது நான்தான்."

போனை நீட்டினாள். அவருடைய மன்னிப்பு அதில் பளிச்சென்று கிடந்தது. அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அஞ்சு மாசமாவா?"

"ஆமா."

"அந்தக் கடை வாசல் வாதம்?"

"நான்தான்."

"உங்க பேர் என்ன சார்னு கேட்டது?"

"நான்தான்."

"அப்ப அந்தக் குக்கர்..."

"அதைப் படிச்சதும் நான்தான்."

பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. "அவ எங்கே போனா?" என்றார் மெதுவாக.

"நீங்க முதன்முதல்ல போட்டீங்களே ஒரு கறுத்து, பெத்தவங்க வளர்த்த லட்சணம்னு? அந்தப் பெரிய 'று'வைப் பார்த்ததுமே யாருன்னு தெரிஞ்சுபோச்சு அவளுக்கு. 'கண்டவன் எல்லாம் வந்து கேவலமா திட்டினான், தாங்கிக்கிட்டேன்மா, இப்ப அப்பாவே பேரை மறைச்சுக்கிட்டு வந்து திட்டறார்'னு போன்ல ஒரே அழுகை. எழுதறதையே விட்டுட்டா. பாஸ்வேர்டைக் குடுத்து, நீயே மூடிடும்மான்னா. மூடத்தான் உட்கார்ந்தேன். நீங்க வேற கூடத்துல உட்கார்ந்து நிமிஷத்துக்கு நிமிஷம் போன்ல அந்தப் பக்கத்தையே எட்டிப் பார்த்துட்டிருந்தீங்க. மனசு கேக்கல. பதில் போட்டேன்."

அவர் தலையைக் கையில் பிடித்துக்கொண்டார். தான் ஊதித்தான் அந்த விளக்கு அணைந்தது என்பது இப்போதுதான் உறைத்தது. 

"அஞ்சு மாசம் ஏமாத்தினவ, மன்னிச்சேன்னு ஒரு வரியும் நீயே போட்டிருக்கக்கூடாதா? நான் நிம்மதியா இருந்திருப்பேனே!"

"எல்லாத்துக்கும் பதில் போட்டேங்க. இதுக்கு மட்டும் நான் எப்படிப் போடறது? அது அவ சொல்லவேண்டியது. போன் போடுங்க."

அவர் போனிலிருந்து கூப்பிட்டால் மணியே அடிக்கவில்லை. மகளும் தன் போனில் அவரை நீக்கி வைத்திருந்தாள். விதிகளே இல்லாமல். மனைவி தன் போனிலிருந்து போட்டுக் கையில் கொடுத்தாள்.

"சொல்லும்மா" என்றாள் மகள். எட்டு மாதத்துக்குப் பிறகு அந்தக் குரல்.

"அம்மா இல்ல. நான்."

அவள் போனை வைத்துவிடவில்லை. அவர் அவசர அவசரமாக ஆரம்பித்தார். நீக்கியது தப்பு என்றார். பொய்ப் பேரில் வந்து திட்டியது அதைவிடப் பெரிய தப்பு என்றார். "உன் எழுத்தை நிறுத்தினது நான்தான்மா. நீ திரும்ப எழுதணும். என்னைத் திட்டியாவது எழுதணும்." ஆயுசில் முதல்முறையாக யாரிடமும் கேட்காமல், எதையும் பார்க்காமல், தானாக வந்த பேச்சு. பாதியில் அழுதுவிட்டார்.

மகள் முழுதையும் கேட்டாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"ரொம்ப நல்லாயிருக்குப்பா" என்றாள். "அம்மா எழுதிக் குடுத்ததா?"